ஊட்டியில் பிறந்த சபை

மத்திகிரியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

பிரான்சில், நாந்து நகரில் 1839-ல் பிறந்தவர் அன்னை மேரி ஆஃப் தி பேஷன். 1865-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். இரண்டே வருஷத்தில், 28 வயதில், மாகாணத் தலைவி! பிறகு சபைக்குள் பிணக்கு. 1876-ல் 20 சகோதரிகள் வெளியேறி ஊட்டியில் கூடினார்கள். இனி துறவிகளாக இருக்க முடியுமா என்பதே கேள்வி. அன்னை ரோமாபுரிக்கே போனார். 1877 ஜனவரி 6-ல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் புதுச் சபைக்கு அனுமதி தந்தார். அதுதான் பின்னாளில் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை.

அதோடு முடிந்ததா? 1883-ல் தாம் தொடங்கிய சபையிலேயே பதவி பறிபோயிற்று. விசாரணை நடந்து, 1884-ல் மீண்டும் தலைவியானார். சபை தொடங்கியதைவிட, இந்த ஒரு வருஷத்தைத் தாண்டியதுதான் பெரிசு என்பேன்.

1904-ல் அவர் மறைந்தபோது 86 இல்லங்கள், 2,000-க்கு மேல் சகோதரிகள். 1947-ல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியதும் இவர்கள்தான்.