தோற்கட்டியும் மாறிப் பிணைந்த இழையும்

மாணவர்களே! இன்று தெள்ளார் என வழங்கும் தெள்ளாறு, ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பெற்ற வெற்றியால் புகழ்பெற்ற ஊர். போர்களுக்கு வரலாறு இருப்பதுபோல, நோய்களை மனிதன் அறிந்துகொண்டதற்கும் வரலாறு உண்டு. அவ்வகை வரலாறு ஒன்றை, ஆரணிப் பட்டு நெய்யும் தெள்ளாற்றுத் தறியை உவமையாகக் கொண்டு கூற விழைகிறேன்.

1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர்களாகிய டாரியே, ஃபெர்ரான் என்போர் அரிய தோற்கட்டி ஒன்றை விவரித்தனர். டெர்மட்டோ ஃபைப்ரோ சார்கோமா புரோட்டுபெரன்ஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். பெரும்பாலும் மார்பிலோ முதுகிலோ தோளிலோ சிறு தடிப்பாகத் தோன்றும். நோவு அதிகம் இராது. பல ஆண்டுகள் மெல்ல மெல்ல வளரும். பத்து லட்சம் மக்களில் ஆண்டுக்கு ஐவருக்குமேல் வருவதில்லை. ஆதலால், தழும்பென்றும் தீங்கற்ற கட்டியென்றும் எண்ணி விட்டுவிடுவதுண்டு. மேலோடு அறுத்தெடுத்தாலோ, வேர்போல் பரவிய பகுதி எஞ்சி மீண்டும் முளைக்கும். நுண்பெருக்கியில் நோக்கினாலும் சிலபோது ஐயம் தீருவதில்லை. பின் இதை இன்னதென்று துணிவது எங்ஙனம்?

அதற்கு உதவிய அறிவின் ஒரு பகுதி சென்னையில் பிறந்தது. தோலுக்கும் தசைநாணுக்கும் உரம் தருவது கொலாஜன் என்னும் புரதம். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும், அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும், எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று புரிகளால் ஆகியது என 1954இல் வெளியிட்டனர். அதே ஆண்டில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால், அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பது 1956இல் உறுதியாயிற்று. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒருவகை இரத்தப் புற்றுநோயில் குரோமோசோம் ஒன்று குறுகியிருக்கக் கண்டனர். இரு குரோமோசோம்கள் முறிந்து தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதே அதற்குக் காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி அம்மையார் விளக்கினார்.

இதைத் தறியில் காணலாம். பாவில் இரண்டு இழைகள் அறுந்தால், ஒவ்வொன்றையும் அதனதன் முனையோடு முடியவேண்டும். மாற்றி முடிந்தால், ஒரு நிறத்தின் இடத்தில் மற்றொரு நிறம் ஓடும். நாம் கூறிய தோற்கட்டியிலும் இத்தகைய மாற்றுமுடிச்சு இருப்பதை 1997இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 17ஆம் குரோமோசோமில் உள்ள கொலாஜன் மரபணு, 22ஆம் குரோமோசோமில் உள்ள வளர்ச்சிப் புரத மரபணுவோடு பிணைந்துவிடுகிறது. தோலின் நார் உயிரணுக்களில் கொலாஜன் மரபணு ஊக்கமாக உழைப்பது. அதன் ஆணைக்கு உட்பட்டதும், வளர்ச்சி மரபணுவும் ஓயாது உழைக்கிறது. உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் ஒளிரும் சாயம் ஏற்றி, இப்பிணைப்பை இன்று கண்ணாற் காண்கின்றனர். அது தென்பட்டால் ஐயம் பெரிதும் அகலும். தென்படாவிடினும் நோயில்லை என்று துணிதல் ஆகாது; அரிதாக வேறு பிணைப்புகளும் உண்டு. சுற்றிலும் போதிய இடம் விட்டு அறுத்தெடுப்பதே தலையாய மருத்துவம். அறுவைக்கு அடங்காத கட்டிகளுக்கு, அவ்வளர்ச்சித் தூண்டுதலைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்தை 2006இல் அமெரிக்க அரசு ஏற்றது.

நோயின் முதலை நாடச் சொன்னார் வள்ளுவர். அந்த முதல், ஓர் இழையின் முனையளவு நுண்ணியதாக இருக்கிறது. இராமச்சந்திரன் தோல்நோய்க்கு மருந்து தேடியவர் அல்லர். இயற்கையின் அமைப்பை அறியவே முயன்றார். அவர் ஆராய்ந்த புரதத்தின் மரபணுவே பின்னாளில் ஒரு நோயை இனங்காட்டும் அடையாளமாயிற்று. ஆகவே மாணவர்களே, இக்கல்வியால் உடனே என்ன பயன் என்று கேட்டுத் தயங்காதீர்கள். வீட்டில் எவர் உடம்பிலேனும் தடிப்பொன்று ஆண்டுக்கணக்கில் வளருமானால், நோவில்லையே என்று வாளா இராமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.