வெறியும் அருளும்

தைப்பூசத்தன்று வைகறையில் பத்துமலையடியில் உள்ள ஆற்றங்கரைக்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். நீராடி மஞ்சளாடை உடுத்த ஒருவர் கண்மூடி நிற்கிறார். சுற்றத்தார் ‘வேல் வேல்’ என முழங்குகின்றனர். உறுமி அதிர்கிறது, சாம்பிராணிப் புகை சூழ்கிறது. சிறிது பொழுதில் அவர் உடல் நடுங்குகிறது. பார்வை எங்கோ நிலைக்கிறது. கன்னத்தில் அலகு குத்தும்போது முகம் சுளிக்கவில்லை. படிகள் 272-ஐயும் ஏறிக் காவடியை இறக்கி, நெற்றியில் திருநீறு பூசியதும் அவர் பழைய மனிதராகித் தண்ணீர் கேட்கிறார்.

இவருக்கு நேர்ந்தது யாது? தெய்வம் வந்ததா, நடிப்பா, நோயா? வகுப்பில் வெறியாட்டுப் பாடலை நடத்தும் தமிழாசிரியரிடம் மாணவர் இவ்வினாவை எழுப்புவது இயல்பே. விடை கூறுமுன் இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் எய்தும் நிலை ஒன்று; அந்நிலைக்கு நாம் கற்பிக்கும் காரணம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே நம்புவோரும் மறுப்போரும் ஓயாது வாதிடுகின்றனர்.

பழந்தமிழர் கண்ட நிலை

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சங்க அகப்பாடல்களில், மகளின் மெலிவு கண்டு அஞ்சிய தாய் வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, மறி அறுத்து, வேலன் வெறியாடுகிறான். நோய் முருகனால் வந்தது என்கிறான். தலைவியின் காதலை அறிந்த தோழியோ உள்ளுக்குள் நகைக்கிறாள். வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்று கூறும் பாட்டொன்று நற்றிணையில் உண்டு. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. வேலன் தன்னை மறந்து ஆடினான் என்பதை அவள் மறுக்கவில்லை. அவன் கூறிய காரணத்தையே மறுத்தாள். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலும் சாலினி என்னும் மறக்குலப் பெண் தெய்வமுற்று ஆடுகிறாள்.

‘வெறி’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. தெய்வமேறிய ஆட்டத்தைக் குறித்த அச்சொல், கள்ளுண்ட மயக்கத்தையும் குறித்தது. யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் இன்றும் குடிபோதைக்கு ‘வெறி’ என்றே பெயர். இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த பிரிக்பீல்ட்சிலும் இச்சொல் ஒலித்திருக்கும். ஒரே சொல் இரண்டு நிலைகளுக்கு வழங்கியதெனின், இரண்டிற்கும் பொதுவான ஒன்றை நம்மவர் கண்டிருந்தனர் என்பது போதரும். ‘நான்’ என்னும் உணர்வு நெகிழ்வதே அப்பொதுத்தன்மை.

கள்ளும் காவடியும்

கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில் தோன்றக் காரணமாக இருந்த தம்புசாமிப் பிள்ளை அவர்களே பத்துமலைக் குகையில் முருக வழிபாட்டையும் தொடங்கி வைத்தார். 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடந்து வருகிறது. பிரிக்பீல்ட்சின் இரயில்வேத் தொழிலாளரும் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத்தாரும் ஆண்டுதோறும் அங்கே திரண்டனர்.

அத்தோட்டங்களில் இன்னொரு மயக்கமும் இருந்தது. அது கள்ளுக்கடை. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு அக்கடைக்கே திரும்பியது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இக்கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்து போராட்டத்தை அடக்கியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கள்ளுக்கடையை மூடச் சொன்ன மக்கள் காவடியைக் கைவிடவில்லை என்பது எண்ணத்தக்கது. கள் மனிதனைத் தாழ்த்திக் கிடத்தியது; காவடியோ அவனை ஊரார் மதிக்கும் ஆளாக்கித் திருப்பி அனுப்பியது.

அறிவியல் கூறுவது

காவடி எடுப்போரின் உளநிலையை அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். கொலின் வார்டு என்னும் உளவியலார் 1984இல் மலேசியத் தைப்பூசம் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். சைமன்சு, எர்வின், பிரின்சு ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ‘தைப்பூசத்திற்கான பயிற்சி’ என்பதையே பொருளாகக் கொண்டது. ‘பயிற்சி’ என்னும் சொல் கருதத்தக்கது. நாட்கணக்கான நோன்பு, உறக்கக் குறைவு, பறையின் தாளம், கூட்டத்தின் முழக்கம், குருவின் வழிகாட்டல் ஆகிய இவையெல்லாம் கூடியே அந்நிலையை வரவழைக்கின்றன. அருள் வராமலே காவடி எடுப்போரும் பலர் உளர்.

மேலைநாட்டில் இதனை ஒத்த நிலைகளை மருந்தால் எழுப்பிப் பார்த்தனர். 1943இல் ஆல்பர்ட் ஆப்மன் எல்.எஸ்.டி.யின் விளைவைக் கண்டறிந்தார். ஆல்டசு அக்சிலி 1953இல் மெசுகலின் உட்கொண்டு, தம் பட்டறிவை மறு ஆண்டு நூலாக்கினார். 2006இல் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகம் 36 பேருக்கு, ஒருவகைக் காளானில் உள்ள சைலோசிபின் என்னும் பொருளைக் கொடுத்து ஆராய்ந்த முடிவு வெளிவந்தது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அதனைத் தம் வாழ்வின் மிகச் சிறந்த ஐந்து பட்டறிவுகளுள் ஒன்றாகவோ, அனைத்தினும் தலையாயதாகவோ கூறினர். அங்கும் மருந்து மட்டும் போதவில்லை. முன்னரே ஆயத்தம் செய்தனர். அமைதியான அறையில், அருகில் துணைவர் இருக்கவே மருந்தளித்தனர். மனநோய்க்கு ஆட்படக் கூடியோரை விலக்கினர். நம் ஆற்றங்கரையில் குரு ஆற்றும் பணியை ஆய்வாளரும் செய்யவேண்டியிருந்தது என்க.

மதகா, ஊற்றா?

இந்நிலைகள் உணர்வின் இயல்பைப் பற்றி உணர்த்துவது யாது? அக்சிலியின் கருத்துப்படி மூளை ஏரியின் மதகு போன்றது. பெருவெள்ளமாகிய உணர்வை வாழ்க்கைக்கு வேண்டிய அளவே அது திறந்து விடுகிறது. மருந்து மதகை நெகிழ்த்துகிறது. 2012இல் இலண்டன் ஆய்வாளர், சைலோசிபின் செலுத்தப்பெற்றோர் மூளையில் தன்னைப் பற்றிய நினைவோடு தொடர்புடைய பகுதிகளின் இயக்கம் குறைவதைக் கண்டனர். மதகுக் கொள்கையினர் இதனைச் சான்றாகக் காட்டுவர். ஆயின், மூளை மதகன்று, ஊற்றே என்போரும் இதே செய்தியைத் தமக்குச் சான்றாக்கலாம். ஊற்றுக்கண் கலங்கினாலும் நீரோட்டம் மாறுமன்றோ? ஆகவே இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

தீர்ந்தது ஒன்றுண்டு. ‘நான்’ என்பது கல்லைப்போல் கிடக்கும் பொருளன்று. கணந்தோறும் நடைபெறும் செயல். அது நெகிழவும் கூடும், மீளவும் கூடும். மீள்வதற்குரிய கரையைச் சமுதாயமே அமைக்கிறது. அருள் என்னும் பெயரால் போதைப்பொருளை நாடும் இளைஞன் கரையை இழக்கிறான். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைக்கும் ஆளாகிறான்.

எனவே, வினவும் மாணவனை ஆசிரியர் எள்ளவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. காவடி எடுத்தவர் தன்னை மறந்தது மெய். அதன் காரணம் ஆராய்ச்சிக்குரியது. தோழி நகைத்த நாள் முதல் நம் இலக்கியம் காட்டும் நெறி இதுவே.