மாரியோவின் வானம் நீலமா, ஊதாவா?

பெரியம்மா வீட்டில் ஒரு குண்டு ரீவி இருந்தது. எனக்கு ஏழு, எட்டு வயதிருக்கும், அண்ணா ஒரு ரீவி கேம் பெட்டியைக் கொண்டுவந்து அதில் கொழுவினார். மஞ்சள் நிறக் கசெட், அதில் "9999 விளையாட்டுகள்" எண்டு ஒரு லேபல். உள்ளே உண்மையில் பத்தோ பன்னிரண்டோதான், மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேற பெயரில. மாரியோ ஓடுற அந்த வானம் நீலமா ஊதாவா எண்டு எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் ஒரு வழக்கு நடந்தது. நான் ஊதா, அவர் நீலம். பெரியம்மா ரீவியை நிப்பாட்டி வழக்கை முடிச்சு வைச்சா.

கனகாலத்துக்குப் பிறகு, கம்பஸ் முதலாம் வருசத்தில், யூரியூப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். அதே மாரியோ. ஆனால் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்றுக்குள், ஒவ்வொரு புள்ளியும் கத்தியால வெட்டின மாதிரித் தெளிவாக. அது சோனி நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்காகச் செய்த ஸ்ரூடியோ மொனிட்டர். இதுதான் அந்த விளையாட்டின் அசல் தோற்றம் எண்டு வீடியோவில் கதைச்சவர் சொன்னார். வரலாறு படிக்கிற ஒருத்தருக்கு "அசல்" எண்ட சொல் காதில விழுந்தால் சும்மா இருக்க ஏலாது. அப்ப நானும் அண்ணாவும் பார்த்தது என்ன?

கொஞ்சம் பின்னால இருந்து தொடங்குவோம். படக்குழாயை 1897இல் செய்தவர் ஜேர்மன் இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினண்ட் பிரவுன். பின்பக்கத்தில் இருந்து ஒரு இலத்திரன் கற்றை கிளம்பி, முன்பக்கக் கண்ணாடியில் பூசியிருக்கும் பொஸ்பரில் மோதி வெளிச்சம் தரும். பிறகு வந்த தொலைக்காட்சியில் இந்தக் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் படத்தை வரைந்தது. அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு முழுப்படத்துக்கு 525 கோடுகள். அதையும் ஒரேயடியாக வரைவதில்லை. முதல் சுற்றில் ஒரு வரிசை, அடுத்த சுற்றில் அவற்றுக்கு இடையில் விழும் வரிசை, செக்கனுக்கு ஏறத்தாழ 60 சுற்று.

1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபமிகொம் (எங்கட ரீவி கேம் அதின்ர கள்ளப்பிரதிதான்), அதுக்கு முந்தின பெட்டிகளைப் போலவே, இந்த ஒழுங்கை ஒரு சின்னத் தந்திரத்தால் ஏமாற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் 262 கோடுகளை மட்டும் அனுப்பினால், இரண்டாவது சுற்று இடையில் விழாமல் முதல் சுற்றுக்கு மேலேயே விழும். படம் ஆடாது. கண்ணுக்குத் தெரியக்கூடிய 240 கோடுகள், அவற்றுக்கு இடையில் எதுவும் வரையப்படாத இருட்டுக் கோடுகள். பழைய கேம் பைத்தியங்கள் "ஸ்கான்லைன்" எண்டு உருகிறது இந்த இருட்டைத்தான்.

இதே சமிக்ஞையை இப்போதைய தட்டை ரீவிக்குக் குடுத்தால், பல ரீவிகள் அதை இரண்டு சுற்றாக வரும் சாதாரண ஒளிபரப்பு எண்டு நினைச்சு, கோடுகளைக் கலந்து குழப்பிவிடும். அந்தக் கணக்குப் பார்க்கிற நேரத்தால் பட்டனை அமத்தினதுக்கும் மாரியோ பாயிறதுக்கும் இடையில் ஒரு தாமதம் வரும். 2001இல் வந்த "சுப்பர் ஸ்மாஷ் புரோஸ் மெலே" போட்டிக்காரர் இண்டைக்கும் குண்டு ரீவியைக் காவிக்கொண்டு திரியிறது இதாலதான்.

இனி அந்த இரும்புப் பெட்டிக்கு வருவோம். 1968இல் சோனி ட்ரினிட்ரான் குழாயை வெளியிட்டது. மற்ற நிறுவனங்கள் பொஸ்பருக்கு முன்னால் துளையிட்ட தகட்டை வைக்க, சோனி செங்குத்தான மெல்லிய கம்பிகளை வரிசையாக வைத்தது. கூடுதல் வெளிச்சம் வந்தது. 1973இல் இதற்கு எமி விருதும் கிடைத்தது. அந்தக் கம்பிகள் அதிராமல் இருக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ நுண்கம்பி போடவேண்டியிருந்தது. வெள்ளைத் திரையில் உற்றுப் பார்த்தால் அதன் நிழல் தெரியும்.

இந்தக் குழாயை வைத்துச் சோனி ஸ்ரூடியோக்களுக்கு இரண்டு வரிசை மொனிட்டர் செய்தது. ஒன்று புரொஃபெஷனல் வீடியோ மொனிட்டர், மற்றது புரோட்காஸ்ட் வீடியோ மொனிட்டர். சுருக்கித் தமிழில எழுதினால் இரண்டும் பிவிஎம் தான், தமிழ் எங்களைக் கைவிடுற இடங்களில் இதுவும் ஒண்டு. ஆகவே முதலாவதை பிவிஎம் எண்டும் மற்றதைப் புரோட்காஸ்ட் எண்டும் சொல்லுறன். பிவிஎம் 600, 800 கோடு நுணுக்கத்தைக் காட்டும். புரோட்காஸ்ட் 900, 1000 வரைக்கும் போகும். விலை ஆயிரக்கணக்கான டொலர். ஜேவிசி, இகெகாமி, பார்கோ போன்ற நிறுவனங்களும் இந்த வகையைச் செய்தன.

இவற்றின் முகப்பில் வீட்டு ரீவியில் இல்லாத சில பட்டன்கள் இருக்கும். ஒன்று நீல நிறத்தை மட்டும் காட்டும், நிற அளவு சரியா எண்டு பார்க்க. இன்னொன்று படத்தைச் சற்றுச் சுருக்கி, வீட்டு ரீவியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும் ஓரங்களையும் காட்டும். இதைக் கவனிக்கவேணும். இந்தப் பெட்டி அழகாகக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதில்லை, பிழை பிடிக்கச் செய்யப்பட்டது. வீட்டில் எவரும் காணாததை எஞ்சினியர் காணவேணும், அவ்வளவுதான் அதின்ர வேலை. மருத்துவமனைகளுக்கும் இதே மொனிட்டர் போனது. மாதிரி இலக்கத்தின் கடைசிப் பக்கத்தில் "எம்டி" எண்டு இருந்தால் அது மருத்துவப் பதிப்பு. இண்டைக்கு யாரோ ஒருவர் சொனிக் விளையாடுற திரையில் ஒருகாலம் யாருடையவோ குடல் தெரிஞ்சிருக்கும்.

பிறகு எல்லாம் கெதியா நடந்தது. 2008 அளவில் சோனி ட்ரினிட்ரான் ரீவி உற்பத்தியைக் கைவிட்டது. அமெரிக்காவின் முழு வலு நிலையங்கள் 2009 ஜூன் 12இல் அனலொக் ஒளிபரப்பை நிறுத்தின. ஜப்பான், நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்கள் தவிர, 2011 ஜூலை 24இல். பிரித்தானியா 2012இல். ஸ்ரூடியோக்கள் தட்டைத் திரைக்கு மாறின. 20 அங்குல பிவிஎம் ஒன்று 30 கிலோ அளவு பாரம். வைக்க இடமில்லை, எறியவும் காசு கேட்பார்கள். அந்தச் சில வருசங்களில் கேம் ரசிகர்கள் நிலையங்களின் பின்வாசலில் வாகனத்தை விட்டுச் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு யூரியூப் வீடியோக்கள் வந்தன, எல்லாருக்கும் ஆசை வந்தது, குப்பை ஆயிரம் டொலராகியது.

சரி, பழைய பெட்டியை இதில் எப்படிக் கொழுவுவது? இங்கேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. மெகா டிரைவ், சுப்பர் ஃபமிகொம் போன்றவற்றின் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சமிக்ஞைகளாகவே இருந்தன. மஞ்சள் வயரில் அனுப்பும்போது மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து அனுப்பும், ரீவி திரும்பப் பிரிக்கும். பிசைஞ்ச மாவில இருந்து சீனியையும் உப்பையும் பிரிக்கிற கதைதான். நிறம் கசியும், ஓரம் நடுங்கும்.

பிரான்ஸ் மட்டும் வேற வழியில் போனது. 1980இல் இருந்து அங்கே விற்கும் புதிய ரீவிகளில் ஸ்கார்ட் எண்ட 21 முனைச் செருகி கட்டாயம். அதில் மூன்று நிறமும் தனித்தனி வழியில் போகலாம். அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. அமெரிக்க ரீவிகளில் அப்படியொரு செருகி இல்லை. ஆகவே அமெரிக்கப் பிள்ளையின் கேம் பெட்டியின் பின்பக்கத்தில் தெளிவான படம் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுக்க வயரும் இல்லை, குடுக்க ரீவியும் இல்லை. பிவிஎம்மில் அதற்கான வட்டச் செருகிகள் இருந்தன: சிவப்பு, பச்சை, நீலம், நாலாவதாக ஒத்திசைவு, அதாவது கோடும் படமும் எங்கே தொடங்குது எண்டு சொல்லும் துடிப்பு. ஐரோப்பிய ஸ்கார்ட் வயரை வாங்கி, மறுமுனையை இந்த நான்காகப் பிரித்தால் வேலை முடிந்தது.

முடிந்தது எண்டு சொன்னாலும் முடியாது. சில வயர்கள் ஒத்திசைவுக்குத் தனித் துடிப்பை அனுப்பாமல் முழுப்படத்தையே அந்த வழியால் அனுப்பும். சில மொனிட்டர்கள் அதை ஏற்காமல் படத்தை உருட்டும். அப்போது துடிப்பைப் பிரித்தெடுக்க எல்எம்1881 எண்ட சின்னச் சிப்பை இடையில் போடவேணும். இன்னும் மோசமானது, ஜப்பானிய 21 முனைச் செருகி. உருவத்தில் ஸ்கார்ட்டேதான், உள் இணைப்பு வேறு. மாறிக் கொழுவினால் பெட்டி பழுதாகலாம்.

எமுலேட்டரின் சிக்கல் இன்னொரு மாதிரி. மாரியோ செக்கனுக்கு 15,700 கோடு அளவில் ஓடுது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அதின்ர இரண்டு மடங்கு வேகம், 31,500. பெரும்பாலான பிவிஎம்களுக்கு அந்த வேகம் பிடிபடாது. ஆகவே ஆக்கள் பழைய ரேடியன் கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தேடி, "சிஆர்டி எமுடிரைவர்" எண்ட மாற்றிய மென்பொருளைப் போட்டு, கணினியை மெதுவாகப் பேசப் பழக்கினார்கள். சிலர் ராஸ்பெரி பையின் முனைகளில் இருந்து நேரே மூன்று நிறத்தையும் எடுத்தார்கள். சிலர் மிஸ்டர் எண்ட எஃப்பிஜிஏ பலகைக்குப் போனார்கள். ஒரு வீ இயந்திரம் கிடைத்தால் அதுவும் 240 கோட்டைத் தானாகவே தரும்.

இத்தனை பாடும் ஏன் எண்டு முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு காரணம் வேகம். எல்லா விளையாட்டும் சரியாக 60 சுற்றில் ஓடுவதில்லை. "ஆர்-டைப்" 55, "மோர்ட்டல் கொம்பட்" 54.7 அளவு. சாதாரண 60 ஹேர்ட்ஸ் திரையில் எமுலேட்டர் ஒன்றில் தடுக்கவேணும், அல்லது விளையாட்டை அவசரப்படுத்தவேணும். படக்குழாய் அந்த எண்ணையே பின்தொடரும்.

இப்ப "அசல்" கதைக்கு வாறன். 1988இன் "சுப்பர் மாரியோ புரோஸ் 3"ஐ பிவிஎம்மில் போட்டு, ஓரம் காட்டும் பட்டனை அமத்தினால், வலது ஓரத்தில் நிறங்கள் பிசகி மின்னுவது தெரியும். செய்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள், வீட்டு ரீவியின் சட்டம் மறைக்கும் எண்டு தெரியும். 1991இன் சொனிக்கில் நீர்வீழ்ச்சி ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரையப்பட்டது. மஞ்சள் வயரில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, கண்ணாடி மாதிரித் தண்ணி ஓடும். ஸ்ரூடியோ மொனிட்டரில் அது வேலிப் படல். 1997இன் "காசில்வேனியா: சிம்பொனி ஒஃப் த நைட்"இல் டிராகுலாவின் முகத்தில் ஒரேயொரு சிவப்புப் புள்ளி இருக்கு. தனியாகப் பார்த்தால் முகப்பரு, படக்குழாயில் கண் எரியும்.

அதாவது மங்கலும் வரைபவரின் தூரிகையில் ஒன்று. அதைத் துடைத்துவிட்டு "அசல்" எண்டால் எப்படி?

ஆர்கேட் விளையாட்டுகளில் நான் இதைச் சொல்லமாட்டேன். அந்தக் கூடங்களில் இருந்த இயந்திரங்கள் தொடக்கத்திலேயே தனி நிறச் சமிக்ஞையில்தான் ஓடின. "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2"ஐ எமுலேட்டரில் ஓட்டி பிவிஎம்மில் பார்ப்பவர் 1991க்குக் கிட்டத்தான் நிற்கிறார், குழாய் கொஞ்சம் நுணுக்கம் கூட எண்டதைத் தவிர. பாரிஸில் ஸ்கார்ட்டில் மெகா டிரைவ் விளையாடின பிள்ளைக்கும் அது உண்மையான பால்யம். ஆனால் அந்தப் பிள்ளையின் சொனிக் 50 ஹேர்ட்ஸில் ஓடியது, ஜப்பான்காரனின் வேகத்தில் ஆறில் ஐந்து பங்கு. பாட்டும் இழுபட்டது. இலங்கையும் 50 ஹேர்ட்ஸ் தான், பால் முறை. எங்கட கள்ளப் பெட்டி அந்தக் கணக்குக்குச் செய்ததெண்டால், நான் பழகின மாரியோவும் கொஞ்சம் சோம்பேறிதான்.

ஃபமிகொம்தான் எல்லாத்தையும் கவிழ்க்குது. அதற்குள் தனித்தனி மூன்று நிறம் என்ற ஒன்றே இல்லை. படம் வரையும் சிப், நிறத்தை எண்களாக வைத்துப் பிறகு பிசையவில்லை. பிறக்கும்போதே பிசைந்த சமிக்ஞையாகத்தான் வெளியே வரும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் எண்டதை முடிவெடுக்கிறது எதிரில் இருக்கிற ரீவி. ஒரு ரீவியில் வானம் நீலம், அடுத்ததில் ஊதா. தெளிவான படம் வேணும் எண்டவர்கள் 1986இன் "பிளேசொய்ஸ்-10" ஆர்கேட் இயந்திரங்களை உடைத்து, அதிலிருந்த தனி நிறச் சிப்பைக் கழற்றி வீட்டுப் பெட்டியில் ஒட்டினார்கள். அந்தச் சிப்பின் நிறங்களும் வேறு. அந்த வீடியோவில் நான் பார்த்த வெட்டின மாதிரி மாரியோ 1985இல் சாதாரண வீட்டுத் திரைகளில் இருந்ததில்லை. ஒரு இயந்திரத்தைக் கொன்று இன்னொன்றில் செய்த புதுப் பதிப்பு அது.

போன லீவில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ரீவி இன்னும் இருக்கு, மேலே துணி போட்டு மூடி. ஒரு நண்பனின் ராஸ்பெரி பை 3ஐக் கொண்டுபோய் மஞ்சள் வயரில் கொழுவினேன். முதல் வயரில் படமே வரவில்லை, அது பழைய கமராவின் வயர், நில முனை வேற இடத்தில. இரண்டாவது வயர் வேலை செய்தது. கோப்பில் ஒரு எண்ணை 2இல் இருந்து 18ஆக மாற்றினதும் இருட்டுக் கோடுகள் வந்தன. எமுலேட்டரில் நிறத்தட்டு எண்டு ஒரு பட்டியல் இருக்கு, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ரீவியைப் பார்த்து எழுதினது. தட்டிக்கொண்டே போனேன். ஆறாவதிலோ ஏழாவதிலோ எனக்குத் தெரிஞ்ச வானம் வந்தது. ஊதா. ஃபோனில் படம் எடுத்து அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"நான் அப்பவே சொன்னனான், நீலம்" எண்டு பதில் வந்தது. திரும்ப அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். ஃபோனில் அது நீலமாத்தான் இருந்தது.