ஃபோர்மனின் மறுவரவும் மூலையில் நின்றவர்களும்

ஓய்விலிருந்து திரும்பும் குத்துச்சண்டை வீரரிடம் முதலில் குறைந்திருப்பது கால்களின் வேகம். அடுத்துப் போவது, வருகிற குத்தைப் பார்த்துத் தலையை விலக்கும் துரிதம். குத்தின் பலம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். மூத்த வீரரைத் தயார்செய்யும் பயிற்சியாளருக்கு இந்த வரிசைதான் அடிப்படைக் கணக்கு. அமெரிக்க ஹெவிவெயிட் வரலாற்றில் இந்தக் கணக்கு மிக மோசமாகத் தவறிய சண்டை ஒன்று; மிகச் சரியாகப் பலித்த சண்டை ஒன்று. இரண்டிலும் வீரரின் மூலையில் நின்றவர் ஏஞ்சலோ டண்டி.

1921-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்த டண்டி, மயாமி பீச்சில் தன் அண்ணன் நடத்திய ஜிம்மில் பேர்பெற்றவர். 1960 முதல் முகமது அலியின் பயிற்சியாளர். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்து அலி மீண்டும் இறங்கியபோது அவருக்கு வயது 38. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஏறியிருந்த எடையைத் தைராய்டு மாத்திரையின் உதவியோடு குறைத்திருந்தார். பார்ப்பதற்கு இளைஞர் போலத் தெரிந்தார். உடம்பில் சக்தி இல்லை. ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்கே ஸ்பாரிங் பயிற்சியில் துணைநின்றவர். சுற்றுக்குச் சுற்று அலி அடிவாங்கினார். பத்தாவது சுற்று முடிந்ததும் டண்டி சண்டையை நிறுத்தச் சொன்னார். இன்னொரு சுற்று வேண்டும் என்று உதவியாளர் பண்டினி பிரவுன் மன்றாடியும் டண்டி இறங்கிவரவில்லை. எதிராளியைக் கவனிப்பதைவிடத் தன் வீரரைக் கவனிப்பதே மூலையில் நிற்பவரின் முதல் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஜார்ஜ் ஃபோர்மனின் கதை வேறு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1973-ல் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை தரையில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். மறு ஆண்டு கின்ஷாசாவில் அதை அலியிடம் பறிகொடுத்தார். அன்றைக்கு டண்டி நின்றது எதிர் மூலையில். 1977-ல் ஜிம்மி யங்கிடம் தோற்றபின் ஓய்வுபெற்று ஹூஸ்டனில் கிறிஸ்தவப் போதகரானார். அங்கே அவர் தொடங்கிய இளைஞர் மையத்துக்குப் பணம் தேவைப்பட, பத்து ஆண்டுகள் கழித்துக் கையுறையை மறுபடி மாட்டினார்.

1987 மார்ச் 9 அன்று சாக்ரமென்டோவில் நடந்த முதல் சண்டைக்கு வந்தபோது அவர் எடை 121 கிலோ. பத்திரிகைகள் கிண்டலடித்தன. பயிற்சியாளர் சார்லி ஷைப்ஸும் ஆலோசகர் ஆர்ச்சி மூரும் அவசரப்படவில்லை. மூர் இதற்கு மிகப் பொருத்தமானவர். நாற்பது வயதைத் தாண்டியும் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர். கைகளை முகத்துக்கு முன் குறுக்காகக் கட்டிக் குத்துகளைத் தடுப்பது மூரின் பழைய உத்தி. விலகி ஓடக் கால் இல்லாத ஃபோர்மனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இளமையில் எல்லாப் பலத்தையும் முதல் சில சுற்றுகளிலேயே கொட்டித் தீர்ப்பவர், இப்போது இடக்கை ஜேபை நீட்டிக்கொண்டே மெல்ல முன்னேறக் கற்றார். சுற்றுகளுக்கு இடையே முக்காலியில் உட்காராமல் நின்றே இளைப்பாறினார்.

எதிராளிகளையும் படிப்படியாகவே உயர்த்தினார்கள். முதல் 24 சண்டைகளிலும் வெற்றி. அவர்களில் பலர் தேறாதவர்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1991 ஏப்ரலில் அப்போதைய சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் 12 சுற்றும் தாக்குப்பிடித்துப் புள்ளிகளில் தோற்றபோது கேலி அடங்கியது. 1993-ல் டாமி மாரிசனிடமும் தோற்றார்.

அடுத்த சண்டைக்கு 17 மாதம் ஆனது. அது பட்டத்துக்கான சண்டை; பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஏ. அனுமதி மறுக்க, நீதிமன்றம் போய்த்தான் வாய்ப்பைப் பெற்றார். 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். எதிரே 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர்: 35 சண்டைகளில் தோல்வியே காணாத இடக்கைக்காரர். அவருடைய பயிற்சியாளர் டெடி அட்லஸ். ஃபோர்மனின் மூலையில் இப்போது டண்டி. கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்பு அரைக்கால்சட்டையோடு ஃபோர்மன் வந்திருந்தார்.

ஒன்பது சுற்றுகள் மூரரே அதிகம் அடித்தார். மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார்: 88-83, 88-83, 86-85. முன்னால் நேராக நிற்காதே என்று அட்லஸ் எச்சரித்துக்கொண்டே இருந்தார். பத்தாவது சுற்றில் மூரர் அப்படியே நின்றார். இடக்கை, தொடர்ந்து வலக்கை. தாடையில் விழுந்த அந்த ஒரு குத்தில் மூரர் மல்லாந்தார். சுற்றின் 2 நிமிடம் 3 வினாடியில் சண்டை முடிந்தது. 45 வயதில் ஹெவிவெயிட் பட்டம். அதற்கு முன்பு 1951-ல் 37 வயதில் வென்ற ஜெர்சி ஜோ வால்காட்டின் சாதனையை அது எட்டு ஆண்டு தள்ளிவைத்தது.

மூரரிடம் வென்ற பட்டங்களை ஃபோர்மன் சண்டையில் இழக்கவில்லை. 1995-ல் அமைப்புகள் குறித்த எதிராளிகளைச் சந்திக்க மறுத்ததால் இழந்தார். 1997 நவம்பரில் ஷானன் பிரிக்ஸிடம் புள்ளிகளில் தோற்ற சண்டையோடு, 48 வயதில், ஃபோர்மன் விளையாட்டை விட்டார்.