வெள்ளி விழா நாணயமும் வெள்ளிமலையும்



பழைய வெள்ளி நாணயங்கள் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று நினைவு நாணயங்களை மட்டும் பார்ப்போம்.

வெள்ளைக்காரர் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு வெள்ளி. உலகப் போர் வந்ததும் 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல்.

சுதந்திர இந்தியா வெள்ளியில் நினைவு நாணயம் போட்டது காந்தி நூற்றாண்டான 1969இல். அந்த 10 ரூபாய் 15 கிராம். 80 சதவீதம் வெள்ளி. கணக்குப் போடுங்கள், 12 கிராம் சுத்த வெள்ளி. 1972இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த 10 ரூபாய் 22.5 கிராம். ஆனால் பாதிதான் வெள்ளி, அதாவது 11.25 கிராம். உருவம் பெருத்தது, சத்து குறைந்தது! 1974இல் 10 ரூபாய் நினைவு நாணயம் செம்பு-நிக்கலுக்கு இறங்கிவிட்டது.

எடையை விட எனக்கு முக்கியம் அந்த 1972 நாணயத்தின் படம். பாராளுமன்றக் கட்டடத்தின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் கொடியோடு நிற்பார்கள். 25 ஆண்டு சுதந்திரம்!

அதே 1972இல், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தெரிகிற கல்வராயன் மலையில் என்ன நிலை தெரியுமா? சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆட்சி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்த உரிமை என்று மலையில் சொல்வார்கள். ஜாகீர்கள் போய் அரசு நிர்வாகம் மலையேறியது 1976இல்தான். நாடு வெள்ளி விழா கொண்டாடி நான்கு ஆண்டு கழித்து! அந்த மலையின் தலைமையிடத்துக்குப் பெயர் வெள்ளிமலை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நாணயம் பொய் சொல்லவில்லை. டெல்லியில் நின்று பார்த்தால் என்ன தெரிந்ததோ அதைச் சொன்னது. மலையில் நின்று பார்த்தவர் சொல்வதையும் கேட்டால்தான் வரலாறு முழுமையாகும். சேகரிப்பு என்பது விலைப் பட்டியல் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் இந்த நாணயங்கள் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு படிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், உருக்கினால் கொலுசு கிடைக்கும், 1972 கிடைக்காது.

மலையூர்ப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1976க்கு முன் வரி, நிலம், வேலை எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதி வையுங்கள். நினைவு நாணயம் அச்சடிக்க அரசு இருக்கிறது. இதை எழுத நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்