பரிசோதகருக்குப் படியளப்பவர்

பத்திரிகைத்துறைக்கு வந்த புதிதில், வங்கிகள் பற்றிய செய்தியொன்றை எழுதிக்கொண்டுபோய்ச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "வங்கியின் கணக்கைப் பார்க்க வருகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று எழுதவில்லையே, தம்பி" என்றார். அற்பமான கேள்வி என்றே அன்று நினைத்தேன். பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வங்கி வரலாற்றைப் படித்தபோதுதான் அதன் கனம் புரிந்தது.

உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், அந்நாட்டுக் காங்கிரஸ் தேசிய வங்கிகளையும் அவற்றைக் கண்காணிக்க நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தையும் உருவாக்கியது. மறு ஆண்டுச் சட்டம் பரிசோதகரின் ஊதியத்தை வரையறுத்தது. வேலை செய்யும் நாளொன்றுக்கு 5 டொலர். பயணம் செய்யும் ஒவ்வொரு 25 மைலுக்கும் 2 டொலர். கொடுக்க வேண்டியது பரிசோதிக்கப்படும் வங்கியே. கண்காணிப்பின் செலவைக் கண்காணிக்கப்படுபவரே ஏற்பது என்ற வழக்கம் அங்கு இவ்வாறு தொடங்கிற்று.

1875இல் நாட்கணக்கு கைவிடப்பட்டு, வங்கியின் மூலதனத்துக்கேற்ற நிலையான கட்டணம் வந்தது. ஒரு இலட்சம் டொலருக்குக் குறைந்த மூலதனமுடைய வங்கிக்கு 20 டொலர். ஆறு இலட்சமும் அதற்கு மேலும் என்றால் 75 டொலர். (பெருநகரங்கள் சிலவற்றுக்கும் தூர மேற்குப் பகுதிகளுக்கும் வேறு ஏற்பாடு.) பார்வைக்கு ஒழுங்கான முறைதான். ஆனால் பயணச் செலவையும் உதவியாளரின் கூலியையும் பரிசோதகர் அந்தக் கட்டணத்திலிருந்தே சமாளிக்க வேண்டியிருந்தது. ஒரு வங்கியில் மூன்று நாள் தங்கிக் கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறவருக்கும், காலையில் வந்து மாலையில் கிளம்புகிறவருக்கும் ஒரே தொகை. மூலதனம் சிறிதாகவும் வைப்புப்பணம் பெரிதாகவும் உள்ள வங்கியோ அதிக உழைப்பைக் கேட்டது. கட்டணம் மட்டும் கூடவில்லை. நேர்மையாக உழைத்தவருக்கு நட்டம், அவசரக்காரருக்கு இலாபம். வைப்பாளரின் பணம் இந்த அவசரத்தின் மீது தங்கியிருந்தது. நாணயக் கட்டுப்பாட்டாளர்கள் பலரும் மாதச் சம்பளம் வேண்டுமென்று கேட்டும் காங்கிரஸ் அசையவில்லை. 1907இன் வங்கிப் பீதி நாட்டையே உலுக்கிய பின்னர், 1913 டிசம்பர் 23இல் கையொப்பமான பெடரல் ரிசேர்வ் சட்டம்தான் பரிசோதகரைச் சம்பளக்காரராக்கியது. செலவு அப்போதும் வங்கிகளிடமிருந்தே வசூலிக்கப்பட்டது. ஆனால் சொத்தின் விகிதப்படி. பரிசோதகரின் வருமானத்துக்கும் அவர் ஒரு வங்கியில் செலவிடும் நேரத்துக்கும் இருந்த முடிச்சு அத்துடன் அறுந்தது.

வேறொரு முடிச்சு மிஞ்சியது. அந்நாட்டில் வங்கியொன்று தன் உரிமப்பத்திரத்தை மாற்றி, அதன்மூலம் மேற்பார்வையாளரையும் மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் பெரிய வங்கி, தன்னைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குப் பெரிய வாடிக்கையாளரும் ஆகிவிடுகிறதல்லவா? சேமிப்பு நிறுவனங்களுக்கான மேற்பார்வை அலுவலகம் 1989இல் அமைக்கப்பட்டது. வாஷிங்டன் மியூச்சுவல் செலுத்திய கட்டணம், 2003 முதல் 2008 வரை, அந்த அலுவலகத்தின் வருமானத்தில் 12 முதல் 15 சதவீதம் என்பதை செனட் விசாரணை வெளிக்கொணர்ந்தது. 2008 செப்டெம்பர் 25இல் ஏறத்தாழ 307 பில்லியன் டொலர் சொத்துடன் அவ்வங்கி வீழ்ந்தது. அமெரிக்க வரலாற்றில் அதைவிடப் பெரிய வங்கி வீழ்ந்ததில்லை. கட்டணத்துக்காகவே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குறைகளை ஆண்டுக்காண்டு எழுதிவைத்தவர்கள் கடும் நடவடிக்கைக்குத் தயங்கினார்கள் என்பது அந்த விசாரணையின் பதிவிலேயே இருக்கிறது.

2010இன் சட்டம் அந்த அலுவலகத்தையே ஒழித்தது. அதன் பணிகளில் பெரும்பகுதி 2011 ஜூலையில் நாணயக் கட்டுப்பாட்டாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவரது அலுவலகம் காங்கிரஸின் ஒதுக்கீட்டை நம்பியில்லை. மார்ச் 31இலும் செப்டெம்பர் 30இலும், ஆண்டுக்கு இருமுறை, வங்கிகளிடமிருந்து கட்டணம் பெறுகிறது. சொத்துப் பெருகப் பெருக, கூடுதல் டொலருக்கான வீதம் குறைந்துகொண்டே போகும்.