கண்ணை நம்பிய ஊர்தி: ஹெலிகாப்டரும் மேகமும்

மேகத்துக்குள் பாதுகாப்பாகப் பறப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு விமான உலகம் 1929ஆம் ஆண்டிலேயே விடை கண்டுவிட்டது. இகோர் சிகோர்ஸ்கியின் வி.எஸ். 300 ஹெலிகாப்டர் முதன்முதலாகத் தரையைவிட்டு எழுந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1939 செப்டம்பரில். பிந்திப் பிறந்த ஊர்தி முந்தியதன் அனுபவத்தைப் பிறப்பிலேயே பெற்றிருக்க வேண்டும் என்று கருதத் தோன்றும், நடந்தது அதுவன்று. இறக்கை விமானங்கள் கருவிகளைக்கொண்டு பறக்கப் பழகிய பின்னரும், ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை பல பதிற்றாண்டுகள் விமானியின் கண்ணையே நம்பிப் பறந்தன. வானோடிகள் ஐ.ஐ.எம்.சி. என்று சுருக்கமாகக் குறிப்பிடும் நேர்வு, அதாவது தரையைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்கும் விமானி தன்னை அறியாமல் மேகத்துக்குள்ளோ மூடுபனிக்குள்ளோ புகுந்து கருவிகளைத் தவிர வேறு துணையின்றி நிற்கும் நேர்வு, பல உயிர்களைக் கொண்டுபோனதற்கு அந்தப் பழக்கமே முதற்காரணம்.

தொடக்ககால விமானிகளிடையே, தேர்ந்த விமானி மேகத்துக்குள்ளும் உடலுணர்வால் விமானத்தை நேராக வைத்திருப்பான் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. 1926இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரிஸ்ஸி தளத்தில் அமெரிக்க இராணுவ மருத்துவர் டேவிட் மயர்ஸ், வில்லியம் ஆக்கர் என்னும் பழுத்த விமானியைக் கண்ணை மூடவைத்து ஒரு சுழல் நாற்காலியில் அமர்த்திச் சுற்றியபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. உட்செவி ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரால் வழங்கிய அந்த நாற்காலி ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கையில் ஆக்கர் அது நின்றுவிட்டதாகவும், உண்மையில் நிற்கும்போது எதிர்த்திசையில் சுழல்வதாகவும் கூறினார். உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களின் திரவம், தலை திரும்பத் தொடங்கும்போது பின்தங்கி உணர்நுண்மயிர்களை வளைக்கிறது. திருப்பம் சீராகத் தொடர்ந்தால் சில விநாடிகளில் திரவமும் குழலோடு சேர்ந்து சுழல, வளைந்த மயிர் நிமிர்ந்து, திரும்பும் உணர்வு மறைகிறது. மிக மெதுவாகத் தொடங்கும் சாய்வையோ செவி அறிவதே இல்லை. கண்ணுக்கு அடிவானம் தெரியும்வரை மூளை இப்பிழைகளைத் திருத்திக்கொள்கிறது; தெரியாதபோது செவியின் பிழையே உண்மையென அரசாள்கிறது. இந்நிலையே திசைமயக்கம் எனப்படுகிறது. ஆக்கர் பின்னர் திருப்பங்காட்டி பொருத்திய ஒரு பெட்டிக்குள் பார்வையைச் செலுத்தியபடி அதே நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு சுழற்சியையும் பிழையின்றிச் சொன்னார்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கை அடுத்த மிட்செல் தளத்தில் ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதவாறு மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கைரோவால் இயங்கும் செயற்கை அடிவானக் கருவியையும் நுட்பமான உயரமானியையும் வானொலிக் குறியையும் மட்டும் கொண்டு எழுந்து, சுற்றி, இறங்கினார். அதன்பின் கருவிவழிப் பறத்தல் ஒரு கல்வியாகவே வளர்ந்தது. அக்கல்வி இல்லாதவனின் கதி என்ன என்பதை 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அளந்து காட்டியது: கருவிப் பயிற்சி பெறாத 20 பேரைச் செயற்கையாக உருவாக்கிய பார்வையற்ற நிலையில் பறக்கவிட்டபோது, அவர்கள் அனைவரும் சராசரியாக 178 விநாடிகளில் விமானத்தைக் கட்டுமீறவிட்டனர். அவை இறக்கை விமானங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சரியாகச் சமன்செய்யப்பட்ட இறக்கை விமானம், கையை எடுத்தாலும் சிறிது நேரம் தன் போக்கில் நேராகச் செல்லும் இயல்புடையது.

ஹெலிகாப்டருக்கு அவ்வியல்பு கிடையாது. தானியங்கிச் சமன்கருவி பொருத்தப்படாத ஹெலிகாப்டரில் ஒரு சிறு குலுக்கம் தானே அடங்காமல் சில விநாடிகளில் பெருகிச் செல்லும்; விமானியின் இரு கைகளும் இரு கால்களும் ஓயாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அத்திருத்தங்களுக்கு அளவுகோல் கண்ணெதிரே உள்ள அடிவானமே. எடையைச் சுமக்கவே திணறிய தொடக்ககால ஹெலிகாப்டர்களில் சமன்கருவிகளுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. மேலும் அவற்றுக்குக் கிடைத்த வேலை, கொரியப் போரில் காயமுற்றோரை முன்னணியிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது போன்ற, தாழ்வாகவும் குறுகிய தொலைவிலும் தரையைப் பார்த்துச் செய்யும் வேலையாகவே இருந்தது. வானிலை கெட்டால் வேகத்தைக் குறைக்கலாம், இன்னும் தாழலாம், திரும்பலாம், இயலாவிடில் ஏதேனும் ஒரு வயலில் இறங்கிவிடலாம் என்பதே ஹெலிகாப்டரின் பெருமையாகப் பேசப்பட்டது.

சட்டமும் இப்பெருமையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில், கட்டுப்பாடற்ற தாழ்வான வான்வெளியில் ஹெலிகாப்டர் மேகத்தைத் தொடாமலும், தடைகளைக் கண்டு விலகத்தக்க வேகத்திலும் சென்றால் போதும் என்றிருந்தது. இத்தனை தொலைவுவரை பார்வை தெரிய வேண்டும் என்ற வரையறை இருக்கவில்லை. பகலில் அரை மைல், இரவில் ஒரு மைல் என்ற குறைந்தபட்ச அளவு 2014இல்தான் விதியாயிற்று. வணிக ஹெலிகாப்டர் விமானிக்கு அந்நாட்டில் கருவிவழிப் பறத்தல் தகுதி கட்டாயமும் அன்று. மேகத்தடியில் ஒண்டிச் செல்லும் உரிமையைக் கொடுத்த அதே முறைமை, அந்த உரிமை கைவிடும் கணத்துக்கான கல்வியைக் கொடுக்கவில்லை என்பதை இவ்வரலாற்றின் மையப் பிழையாகக் கொள்ளலாம்.

இயந்திரத்தின் இயல்பே இப்பிழையைக் கூர்மையாக்கியது. பார்வை மங்கும்போது விமானி இயல்பாகவே வேகத்தைக் குறைக்கிறான். ஆனால் வேகம் குறையக் குறைய ஹெலிகாப்டரின் நிலைத்தன்மையும் குறைகிறது, எதிர்க்காற்றின் அழுத்தத்தைக்கொண்டு வேகத்தைச் சொல்லும் கருவியும் நம்பகம் இழக்கிறது. கருவிவழிப் பறக்க அனுமதி பெற்ற ஹெலிகாப்டர்களுக்குக்கூட அவ்வாறு பறப்பதற்கென ஒரு குறைந்தபட்ச வேகம் வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான். தயங்கித் தயங்கி மேகத்தின் விளிம்பை அடைந்தவன், கருவிகள் மிகக் குறைவாக உதவக்கூடிய நிலையில்தான் உள்ளே புகுகிறான்.

1972இல் டென்வர் நகரின் செயின்ட் அந்தோணி மருத்துவமனை ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியபின், இச்சிக்கல் இரவுக்கும் மலைக்கும் பரவியது. நோயாளி காத்திருக்கிறார் என்னும் எண்ணம் விமானியின் முடிவை அழுத்தக்கூடாது என்பதற்காக, நோயாளியைப் பற்றிய விவரத்தை அவரிடமிருந்து மறைக்கும் வழக்கம்கூடப் பல சேவைகளில் ஏற்பட்டது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1988இலும் 2006இலும் இச்சேவைகளைத் தனியே ஆராய்ந்து எச்சரித்தும், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களில் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி வேண்டும் என்ற விதி 2014ஆம் ஆண்டுவரை காத்திருந்தது.

பழியை யார் மீது சுமத்துவது என்னும் கேள்வி, 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைர் முனையில், மேகம் கவிந்த மலைச்சரிவில் பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேரும் இறந்தபோது கடுமையாக எழுந்தது. எவ்வித ஐயத்துக்கும் சற்றும் இடமில்லாதபோது மட்டுமே இறந்த விமானிகளைக் குற்றவாளிகளாக்கலாம் என்று படையின் விதி இருந்தும், மறுஆய்வு செய்த உயர் அதிகாரிகள் இருவர் விமானிகளிடம் பெருங்கவனக்குறைவு இருந்ததாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பை லார்ட் பிலிப் தலைமையிலான ஆய்வு 2011இல் நீக்கியது. மேகத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல ஒலிப்பதிவுக் கருவிகூட அந்த ஊர்தியில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இவ்வரலாறு நேரடியாக வந்து சேர்ந்தது 2021 டிசம்பர் 8 அன்று. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து காலை 11.48 மணிக்குப் புறப்பட்ட எம்.ஐ. 17 வி5 ஹெலிகாப்டர், 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும், 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் நீலகிரிச் சரிவில் ஈரக்காற்று மோதி மேலேறுகையில் குளிர்ந்து சட்டென மஞ்சாகும் என்பது அம்மலை மக்கள் நாள்தோறும் காண்பது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ கவனக்குறைவோ இல்லை என்றும், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் ஏற்பட்ட திசைமயக்கமே மோதலுக்குக் காரணம் என்றும் முப்படை விசாரணை தெரிவித்தது. விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே ஊர்தி தரையில் மோதுதல் என்று அவ்வறிக்கை இதனை வகைப்படுத்தியது. திசைமயக்கத்தில் கட்டுமீறுவதையும் கட்டுப்பாட்டுடன் மோதுவதையும் துறைநூல்கள் பொதுவாக வேறுபடுத்திப் பேசுவதால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் அமர்ந்திருப்பது கவனத்துக்குரியது.

கருவித் தகுதி இருந்தாலே போதுமா என்பதற்கு 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலபாசஸ் குன்றுகளில் நிகழ்ந்த, கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உள்ளிட்ட 9 பேர் இறந்த விபத்து விடை தருகிறது. விமானி கருவித் தகுதி பெற்றவர். ஆனால் அவருடைய நிறுவனத்துக்குப் பார்வைவழிப் பறக்க மட்டுமே உரிமம். 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக அவர் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னபோது ஹெலிகாப்டர் மேகத்துக்குள் இடப்பக்கம் திரும்பி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆக்கரின் நாற்காலி 1926இல் சொன்னதும் இதுவே. தவறி மேகம் புகுந்தது முதல் கட்டுப்பாட்டை இழப்பதுவரை ஹெலிகாப்டர் விமானிக்குச் சராசரியாக 56 விநாடிகளே கிடைக்கின்றன என்று அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு பரப்புரை செய்தது. இல்லினாய் கணக்கின் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

புகுந்துவிட்டால் செய்ய வேண்டியது இன்று ஹெலிகாப்டர் விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது: ஊர்தியைச் செயற்கை அடிவானத்தோடு சமமாக்கி, திசையை மாற்றாமல், விசையைக் கூட்டித் தடைகளுக்கு மேலே ஏறி, அதன் பிறகே வானொலியில் உதவி கோருதல். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்தும் சிறிய ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மேகத்துக்குள் செல்ல அனுமதி இல்லாததால், மாணவர் தெளிந்த வானில், நெற்றியில் ஒரு மறைப்பை அணிந்து, அது எப்போது அணியப்படும் என்பதை முன்பே அறிந்தே இதனைப் பழகுகிறார்.